தலைவலி நோட்டு

அந்த ஷட்டரக் கொஞ்சம் தூக்குங்க சார். வெயில் அடிக்கும்தான், ஒரு நிமிசம். மேகத்தப் பாத்துட்டு நானே எறக்கி விட்டுருதேன். ம். வெறும் பஞ்சு. இதுல மழையும் இல்ல, மீனும் இல்ல. சரி, எறக்கிருங்க.

மதுரைக்கா போறிய? மாட்டுத்தாவணிக்கு எத்தன மணிக்குப் போவான்? பதினொண்ணா? பத்தரைக்கே போயிருவான்னு தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் அடிச்சுச் சொன்னான். இவன் உருட்டுத உருட்டுக்குப் பன்னெண்டு ஆயிரும் போல. எனக்கு பஸ்சுல உக்காந்தாலே இப்பிடித்தான், கால் ஒரு இடத்துல நிக்காது. கடல்ல பத்து மணி நேரம் ஒரே பலகையில உக்காந்திருப்பேன், ஒண்ணும் செய்யாது. தரையில ஒரு மணி நேரம் ஆவாது.

இது கடிகாரம் இல்ல சார். துவாலையில சுத்தி மடியில வச்சிருக்கேன்லா, எல்லாரும் அப்பிடித்தான் நினைக்காவ. கண்டக்டர் கூட, கல்யாண வீட்டுக்குப் பரிசு கொண்டு போறியளான்னு கேட்டான். இது காத்தோட கனத்தச் சொல்லுத மீட்டர். பாரோமீட்டர்னு கடைக்காரன் சொன்னான். பழைய கப்பல்ல கழட்டினது. முள்ளு இந்தப் பக்கம் சாஞ்சா காத்து எளகுதுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் ஏறினா இறுகுதுன்னு அர்த்தம். இத டாக்டர்கிட்ட காட்டத்தான் கொண்டு போறேன். இதையும் இந்த நோட்டையும்.

எனக்கு ஒண்ணும் இல்ல சார், நான் நல்லாத்தான் இருக்கேன். என் வீட்டுக்காரிக்கு. பேரு பிரகாசி. எங்க மக ஜெனிட்டாவ மதுரையில கட்டிக் குடுத்திருக்கு, அவ வீட்டுலதான் பதினோரு நாளா இருக்கா. நேத்து ஜெனிட்டா போன் போட்டு, டாக்டர் அம்மாவுக்கு எந்த நாள் எப்பிடி வலிச்சுதுன்னு கேக்காரு, உடனே நோட்ட எடுத்துட்டு வாங்கப்பான்னா. நான் உடனே கிளம்பிட்டேன். எனக்கும் ஒரு நியாயம் வேணும்லா. அவ என்னை முப்பத்தோரு தடவ ஏமாத்தியிருக்கா சார். சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லல. எழுத்துல இருக்கு.

நீங்க என்ன வேல பாக்கிய? வாத்தியாரா? என்ன பாடம்? சயின்ஸா! அப்பம் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் சொல்லுதேன். என் பேரு தொம்மை. தூத்துக்குடிக்கு வடக்க கடக்கரைதான் நமக்கு. சொந்தமா ஒரு ஃபைபர் போட்டு, சின்னப் படகு, இருக்கு. வலை கிடையாது, தூண்டில்தான். நானும், மோயீசன்னு எங்கூட வார ஆளும், ரெண்டே பேரு. காத்துக்குக் கனம் இருக்குங்கிறது உங்களுக்குப் புத்தகம். எங்களுக்கு அதுதான் சோறு. காத்தோட கனம் எப்பம் கொறையுதோ அப்பம் மீனு இரை எடுக்கும். மீனு வயித்துக்குள்ள ஒரு காத்துப் பை இருக்கும், நெட்டின்னு சொல்லுவோம். மேல காத்து எளகினா அந்த நெட்டிக்குத் தெரிஞ்சிரும். என்னமோ வருதுன்னு அதுக்கு ஒரு பதட்டம். வாரதுக்குள்ள தின்னுக்கிடணும்னு கண்டதையும் கவ்வும். மழையும் காத்தும் அடிச்சு ஓஞ்ச பொறவு காத்து இறுகிரும், வானம் கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கும். அன்னைக்குப் போனா இரைய மூக்கால தள்ளிட்டுப் போயிரும் மீனு. விவரம் தெரியாத பயலுவ எல்லாம் அந்தப் பளிச்சுன்னு இருக்க நாளாப் பாத்துத்தான் போவானுவ. பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

இத எனக்கு ஒரு மனுசனும் சொல்லித் தரல. பிரகாசியோட தலைதான் சொல்லிச்சு.

சிரிக்காதிய சார். ரெண்டரை வருசமாகப் போவுது. ஐப்பசியில ஒரு செவ்வாக்கிழம, விடிஞ்சும் விடியாம நான் கிளம்புதேன். இவ அடுப்படியில தலையில துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. "இன்னைக்குப் போகாதிய, எனக்குத் தலை பிளக்கு"ன்னா. உனக்குத் தலை பிளந்தா நான் எதுக்குளா வீட்டுல இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டேன். பதினாலு பாகம் ஆழத் தண்ணியில பாரு இருக்கு, கடலுக்கடியில கல்லு. அங்கன தூண்டிலப் போட்டா, ஈயக் குண்டு அடியில தொடுததுக்கு முன்னால இழுக்கு. விளமீனு, கலவா, பாறை மீனு. மோயீசன் கையெல்லாம் தூண்டில் நரம்பு அறுத்து ரத்தம். பத்து மணிக்கெல்லாம் ஐஸ் பெட்டி ரொம்பிட்டு. மத்தியானம் கரைக்கு வந்து சேருததுக்குள்ள வாடை போட்டு அடிச்சுது பாருங்க, அப்பிடி ஒரு மழை.

அது ஒரு நாள், விட்டுட்டேன். ஒம்பது நாள் கழிச்சு திரும்பவும் தலைவலின்னா, திரும்பவும் மீனு. மூணாவது தடவ நான் சுதாரிச்சுட்டேன். மோயீசன்கிட்ட சொன்னேன், ஏல, கோடி கோடியாக் கொட்டி விசைப்படகுக்காரன் மிஷினு வாங்கி வைக்கான், கர்த்தர் நமக்கு வீட்டுக்குள்ளயே ஒண்ணக் குடுத்திருக்காருலேன்னு.

அன்னைக்கே நோட்டு வாங்கினேன். இது நாலாவது. முந்தின மூணும் பையில இருக்கு. கோடு போட்டு வச்சிருக்கேன் பாருங்க, உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய கூட இப்பிடி எழுதாது. தேதி. மணி. எந்தப் பக்கம் வலி. எத்தன கோடு. ஒரு கோடுன்னா லேசு, ரெண்டுன்னா துணி கட்டணும், மூணுன்னா வெளிச்சத்துல கண்ணத் தொறக்க முடியாது. பொறவு காத்து, வாடையா கொண்டலா கச்சானா. பொறவு என்ன மீனு, எத்தன கிலோ. மூணு கோடு வாங்கின அன்னைக்கு வெறும் பெட்டியா நான் திரும்பினதே கிடையாது, முதல் ரெண்டு வருசம்.

எட்டயபுரமா இது? இப்பம்தான் எட்டயபுரமா? சவத்த, நடந்து போயிருக்கலாம்.

எங்க கரையில இது பரவிட்டு சார். கஸ்பார்னு ஒருத்தன், எங்க அடுத்த வீடு, அவனும் போட்டுக்காரன். முதல்ல கேலி பேசினவன்தான். பொறவு அவனே காலையில மதில் மேல தலைய நீட்டி, "மதினி, தலை எப்பிடி இருக்கு?"ன்னு கேப்பான். லேசா இருக்குன்னா மூஞ்சி தொங்கிரும். பிளக்குன்னா, "மாதாவே ஸ்தோத்திரம்"னு சொல்லிட்டு ஓடுவான். ஏலக்கூடத்துல ஆளு ஆளுக்குக் கேப்பாவ. ஒரு கிழவி, பேரனுக்குப் புது போட்டு எறக்குத அன்னைக்கு, பிரகாசிக்கு நல்லாத் தலைவலி வரணும்னு கோயில்ல மெழுகுதிரி ஏத்திட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போவுது! எனக்குப் பெருமை பிடிபடல. பிரகாசியும் சிரிச்சா. முதல்ல சிரிக்கத்தான் செஞ்சா.

நான் அவளக் கொடுமைப்படுத்தினேன்னு மட்டும் நினைச்சிராதிய. கை நீட்டுனதில்ல, குடிச்சிட்டு வந்ததில்ல. காலையில எந்திரிச்ச உடனே பொண்டாட்டி நெத்தியத் தொட்டு, எப்பிடி இருக்குன்னு கேக்க ஆம்பள எங்க கரையில எத்தன பேரு இருப்பான், சொல்லுங்க? நான் ஒரு நாளும் தவறினதில்ல. ரெண்டா மூணான்னு கேப்பேன். அவ கண்ண மூடிக்கிட்டு, "ரெண்டரைன்னு வச்சுக்கிடுங்க"ம்பா. அரைன்னு ஒண்ணு நோட்டுல கிடையாதுளா, சரியாச் சொல்லும்பேன். "அப்பம் மூணு"ம்பா.

டாக்டர்கிட்டயும் காட்டினேன். ஊர்ல ஒரு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. போட்டா அரை மணி நேரத்துல கேக்கும். அதுல என்ன சிக்கல்னா, வலி கூடிக்கிட்டுப் போவுதா கொறைஞ்சுக்கிட்டு வருதான்னு தெரிஞ்சாத்தான் காத்து எளகுதா இறுகுதான்னு தெரியும். மாத்திரையப் போட்டுட்டா அளவு தப்பிரும்லா? நீங்க சயின்ஸ் வாத்தியாரு, உங்களுக்குப் புரியும். அதனால, நான் கிளம்புத வரைக்கும் பொறுத்துக்கோ, பொறவு போட்டுக்கோன்னு சொன்னேன். ஒரு மணி நேரம்தான் சார். மிஞ்சிப் போனா ரெண்டு. மாத்திரைய நான் ஒளிச்சு வைக்கல, கண்ணு முன்னாலதான் அலமாரியில வச்சிருந்தேன். அவளே போடல. அந்த அளவுக்கு ஒத்துழைச்சா, நான் இல்லன்னு சொல்லல.

இந்த வருசம் கிறிஸ்மஸ் கழிஞ்ச பொறவுதான் கோளாறு. காத்து ஒண்ணும் இல்ல, வானம் பளிச்சுன்னு கெடக்கு, இவ மூணு கோடுங்கா. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. இருந்தாலும் மூணு கோடுல்லா, தள்ள முடியுமா? பதினெட்டுப் பாகத் தண்ணிக்குப் போனோம். எங்களப் பாத்து கஸ்பார் வந்தான், அவனப் பாத்து இன்னும் நாலு போட்டு. சாயங்காலம் வரைக்கும் கெடந்தோம். ஒரு கிளாத்தி, ரெண்டு கிளாத்தி. பூனைக்குப் போடுத மீனு. ஆறு போட்டும் வெறும் பெட்டியோட வருது. கரையில கஸ்பார் எல்லாரும் கேக்க, "தொம்மையண்ணே, உங்க மீட்டரு பழுதாயிட்டு, மாத்துங்க"ன்னான். சிரிப்புன்னா சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசிட்டு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏளா, என்னத்துக்கு இப்பிடி மானத்த வாங்குதன்னு கேட்டேன். அவ சுவத்துல சாஞ்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "வலிக்குன்னு சொன்னேன். மீனு வரும்னு நான் எப்பம் சொன்னேன்?"ன்னா.

பாத்தியளா பேச்ச? ரெண்டு வருசமா ஊரே வந்து கேக்கும்போது வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, இப்பம் சொல்லுதா. அப்பம்தான் எனக்கு உறைச்சுது, இவ வேணும்னே செய்யுதான்னு. ஜெனிட்டா வீட்டுக்குப் பத்து நாள் போயிட்டு வாரேன்னு தீவாளிக்குக் கேட்டா, ஐப்பசி கார்த்திகையில நீ போனா நான் எத வச்சுக் கடலுக்குப் போவேன்னு நான்தான் விடல. அந்தக் கோவம். மனசுல வச்சிருந்து பழி வாங்குதா. அப்பிடித்தான் நான் நினைச்சேன்.

நினைச்சா மட்டும் போதுமா, ருசு வேணும்லா? அதுக்குத்தான் இந்த மீட்டரு. பிப்ரவரி பொறந்த உடனே தூத்துக்குடியில பழைய கப்பல் சாமான் விக்கிற கடையில தேடிப் பிடிச்சேன். கடைக்காரன் நல்ல மனுசன், எல்லாம் சொல்லித் தந்தான். காலையில பத்து மணிக்குக் கொஞ்சம் ஏறும், சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் எறங்கும், அது தினமும் உள்ளது, அதக் கணக்குல எடுக்காதிய, அதுக்கு மேல எறங்கினாத்தான் சங்கதின்னான். வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு வாரம் பாத்தேன், சொன்ன மாதிரியே ஏறுது, எறங்குது. திரு இருதயப் படத்துக்குக் கீழ ஆணியடிச்சு மாட்டினேன். பிரகாசி ஒரு நாள் பூரா அதப் பாத்துக்கிட்டே இருந்தா. "நல்லதாப் போச்சு. இனி என்னைய எழுப்பிக் கேக்க வேண்டாம்லா?"ன்னா. நான் விடுவேனா? ரெண்டையும் ஒத்துப் பாக்கணும்லா. கேட்டேன். தினமும் கேட்டேன்.

முள்ளு அசையல சார். இவ மூணு கோடுங்கா. மீட்டரு பொய் சொல்லுமா? அதுக்கு யார் மேல கோவம்? அன்னையில இருந்து நோட்டுல கடைசிக் கட்டத்துல 'பொய்'னு எழுத ஆரம்பிச்சேன். கிறிஸ்மஸுக்குப் பொறவு உள்ளதையும் திருப்பிப் பாத்து, காத்து இல்லாம வலின்னு சொன்ன நாளுக்கெல்லாம் எழுதினேன். மொத்தம் முப்பத்தொண்ணு.

அதோட விட்டாளா? சேட்டை கூடிட்டு. குழம்பத் தட்டுல ஊத்தாம தட்டுக்குப் பக்கத்துல, தரையில ஊத்துதா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஊத்துதா சார். குடிச்ச காப்பித் தம்ளர நான் நீட்டினா, தம்ளரப் பிடிக்காம பக்கத்துல காத்தப் பிடிக்கா. கஸ்பார் பொண்டாட்டிதான் பாத்துட்டு ஜெனிட்டாவுக்குப் போன் அடிச்சிருக்கா. ஜெனிட்டா வந்தா, நான் வாரது வரைக்கும் கூட நிக்கல, அம்மாவ ஆட்டோவுல ஏத்தினா, கூட்டிட்டுப் போயிட்டா. நான் அன்னைக்குக் கடல்ல இருந்து வந்து பாக்கேன், வீடு பூட்டிக் கெடக்கு. சாவி மதில் மேல.

பந்தல்குடி தாண்டிட்டானா? அருப்புக்கோட்டையில டீக்கு நிறுத்துவானா? நிறுத்தாண்டாம்னு சொல்லுங்களேன், உங்களுக்குப் பழக்கம் இருக்கும்லா கண்டக்டர.

இந்தப் பதினோரு நாளும் மீட்டர மட்டும் பாத்துத்தான் போனேன். சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு நாள் நல்லா எறங்கிச்சு, விளமீனு நல்லாக் கெடச்சுது. ஆனா ஒண்ணு சார். காலையில எந்திரிச்சு அடுப்படி வாசல்ல நின்னு, ரெண்டா மூணான்னு வாய் கேட்டுருது. ஆளு இல்லாத அடுப்படியில. மோயீசன் வாசல்ல நிக்கான், கேட்டுட்டான். அவ இல்லாம வீடு நல்லா இல்ல சார். பொய் சொன்னாலும் வீட்டுல இருந்து சொல்லட்டும்.

இருங்க, போன் அடிக்குது. ஜெனிட்டாதான். சொல்லு தாயி. அருப்புக்கோட்டை வந்துட்டு. ஆமா, எடுத்துக்கிட்டேன், நாலு நோட்டும் இருக்கு. என்னது? ஸ்கேன் எடுத்தாச்சா? என்ன சொன்னாரு? எங்கிட்ட நேர்லதான் சொல்லுவாரா? ஏன், போன்ல சொன்னா என்னவாம்? நீ எதுக்கு அழுத? ஏட்டி, அழாம பேசு. அம்மாட்ட போனக் குடு. தூங்குதாளா? இந்நேரத்துலயா? சரி, சரி. வாரேன். வந்துக்கிட்டேதான் இருக்கேன்.

ஸ்கேன் எடுத்துட்டாங்களாம் சார். நேர்ல பேசணுமாம். எனக்குத் தெரியும், தலையில ஒண்ணும் இருந்திருக்காது. அத எப்பிடிப் பிள்ளைகிட்ட சொல்ல, உங்க அம்மா நடிக்கான்னு? அதான் என்னைய வரச் சொல்லுதாரு, அவரும் நாலு இடம் பாத்த மனுசன்லா. பிள்ளைக்கு விசயம் தெரிஞ்சிருக்கும், அதான் வெக்கத்துல அழுதா. அப்பிடித்தான் இருக்கும். இல்லையா சார்? வேற எதுக்கு அழணும்?

உங்களுக்குத் தெரியுமா, டாக்டர்கிட்ட நோட்டப் பத்திச் சொன்னதே பிரகாசிதானாம். எப்பம் இருந்து வலின்னு கேட்டதுக்கு, "எனக்கு ஞாபகம் இல்ல டாக்டர், அவங்க எல்லாம் எழுதி வச்சிருக்காவ, அதுல தப்பு இருக்காது"ன்னு சொன்னாளாம். கேட்டியளா? தப்பு இருக்காதுன்னு அவ வாயாலேயே சொல்லிட்டா.

நோட்ட வேணும்னா நீங்களே பாருங்க. பாடம் நடத்துத ஆளு, ஒரு கண்ணுல பிடிச்சிருவிய. இது முதல் நோட்டு. இது கடைசி. மெல்லப் புரட்டுங்க, மீனு கை பட்ட தாளு, பிஞ்சிரும்.

என்ன சார், முன்னையும் பின்னையும் புரட்டிக்கிட்டே இருக்கிய? அதுவா? 'வா'ன்னா வாந்தி. காலையில எந்திரிச்ச உடனே கொல்லையில போய் வாந்தி எடுப்பா, அதையும் எழுதினேன். நான் நேர்மையா எழுதுத ஆளு சார், கண்ணால பாத்தத மறைக்க மாட்டேன். ரெண்டு வருசம் அது கிடையாது. எல்லாப் பொய்க்கும் நேரயும் இருக்கா? இருக்காது. குடுங்க பாப்போம்.

பிப்ரவரி ஒம்பது. மூணு கோடு, இடது, மீட்டரு அசையல, வா, பொய். பிப்ரவரி பன்னெண்டு. மூணு கோடு, இடது, வா, பொய். பதினேழு. இடது, வா, பொய். மார்ச்சு நாலு. இடது. வா. மார்ச்சு அஞ்சு. இடது. மார்ச்சு ஏழு. இடது...

அந்த முதல் நோட்டக் குடுங்க. வலது. பிடரி. ரெண்டு பக்கமும். இடது. வலது. பிடரி. பாருங்க, இதுல மாறி மாறி வருது. காத்து மாறினா அவளுக்கு வலியும் பக்கம் மாறும், எனக்கு அது அத்துப்படி. இதுல ஏன் சார் எல்லாம் இடது?

நான் முப்பத்தோரு தடவையும் இந்தக் கையாலதான எழுதினேன். எழுதும்போது கண்ணுல படலையே. கோட்டத்தான் பாத்தேன், எத்தனைன்னு.

சார், பொய் சொல்லுதவ மாத்தி மாத்தில்லா சொல்லுவா. நேத்து என்ன சொன்னோம்னு அவளுக்கு ஞாபகம் இருக்காதுல்லா. மூணு மாசம் ஒரே இடத்தத் தொட்டுக் காட்டுவாளா ஒருத்தி? மீட்டரு நல்ல மீட்டரு, அதுல பழுது இல்ல. அதுவும் பொய் சொல்லல, இவளும் பொய் சொல்லலன்னா... நீங்க ஏன் சார் என் முகத்தப் பாக்க மாட்டேங்கிய? சயின்ஸ் வாத்தியாருதான, சொல்லுங்க. இல்ல, சொல்லாண்டாம். டாக்டர் சொல்லட்டும். நீங்க சொல்லாண்டாம்.

குழம்ப என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஊத்தினான்னு சொன்னேன்லா. அவ தட்டப் பாத்துத்தான் ஊத்தினா சார். எனக்கு இப்பம் ஞாபகம் வருது. தட்டத்தான் பாத்தா.

உங்ககிட்ட பேனா இருக்கா? நீல மையா, கருப்பா? கருப்புதான் வேணும், நான் கருப்புலதான் எழுதியிருக்கேன். இந்த 'பொய்'யெல்லாம் டாக்டர் பாத்தா என்ன நினைப்பாரு? ஜெனிட்டா பாத்தா? அவ வாசிச்சுருவா சார், நல்லாப் படிச்ச பிள்ள. அடிச்சிருதேன். நல்லா அழுத்தி அடிச்சா தெரியாதுல்லா? பஸ்சு குலுங்குதுல்லா. நீங்க நோட்ட மட்டும் பிடிச்சுக்கிடுங்க. ஒண்ணு. ரெண்டு. இந்தா, இது ஒண்ணு. எனக்குப் பயமா இருக்கு சார். கடல்ல நான் பயந்ததே இல்ல, கேட்டுப் பாருங்க எங்க கரையில.

என்ன கேக்கிய? எங்க விட்டுருக்கு? ஓ, அதுவா. ஏழு நாளைக்கு ஒரு கட்டம் வெறுசா இருக்கும். அது ஞாயித்துக்கிழம சார். ஞாயித்துக்கிழம எங்க ஆளுவ கடல்ல எறங்க மாட்டோம், கோயிலுக்குப் போயிருவோம். கடலுக்குப் போகாத நாளுக்கு எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன். எல்லா ஞாயிறும் அப்பிடித்தான், நாலு நோட்டுலயும்.

வலிச்சுதான்னா? ஞாயித்துக்கிழமையா? வலிச்சிருக்குமா? நான் கேட்டதில்லையே சார். ஞாயித்துக்கிழம நான் விடிஞ்ச பொறவும் படுத்திருப்பேன், அவ முதல் பூசைக்குப் போயிட்டு வந்து கறி அடுப்புல வச்சிருப்பா. ஒரு ஞாயிறு கண்ண இறுக்கி மூடிக்கிட்டு உள்ளி உரிச்சுக்கிட்டு இருந்தா. உள்ளி காரம்னு நினைச்சேன். ஒரு ஞாயிறு பூசைக்குப் பாதியில எந்திரிச்சு வந்துட்டான்னு கஸ்பார் பொண்டாட்டி சொன்னா. ஏன் வந்தான்னு நான் கேக்கல.

காரியாபட்டி தாண்டிட்டா? இவன் ஏன் சார் இப்பிடிப் பறக்கான், கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லுங்களேன். டாக்டர் ஞாயித்துக்கிழம எப்பிடி இருந்துச்சுன்னு கேப்பாருல்லா? கேக்கத்தான செய்வாரு, நீங்களே கேட்டுட்டியள. இந்தக் கட்டத்துல நான் என்ன எழுத? நூத்தி இருவது ஞாயிறுக்கு மேல இருக்கும். ஒரு ஞாயிறு கூட எனக்குத் தெரியாது சார். நான் வீட்டுலதான் இருந்தேன்.